எருமை மேய்ந்த இடம்

தேசப்பனின் கால்விரல் இடுக்குகளில் இருந்த சேறு லேசில் போகவில்லை. முத்துராஜ் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றி அண்ணனின் பாதங்களைத் தேய்த்தான்.

"போதும்டா, நேரமாவுது," என்றார் சித்தப்பா எல்லப்பன்.

நேற்றுக் காலை ஏரிச் சேற்றில் அலையாத்திக் காட்டுக்கான கண்டல் கன்று நட்டுக்கொண்டிருந்தபோதுதான் தேசப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படகில் ஏற்றிப் பழவேற்காடு கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வனத்துறைக்காகப் போன மாதம் அவன் நட்ட வரிசையை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதையே திரும்ப நட்டுக்கொண்டிருந்தான்.

பிடுங்கியது முத்துராஜ். அந்த இடத்தை ஒட்டித்தான் அவன் மீனுக்கு வலை கட்டும் இடமான பாடு. கன்று மரமானால் வலை விரிக்க வழியிருக்காது என்று அண்ணனோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறான்.

"அந்த வேர்லதான்டா எறாக்குஞ்சு தங்கும். நாலு வருசம் பொறுத்துப் பாரு," என்பான் தேசப்பன்.

"அதுவரைக்கும் எம்புள்ளைங்க இன்னா துன்றது?"

மறுநாளும் தேசப்பன் கன்றுக் கூடையோடு சேற்றில் இறங்குவான்.

வனவர் வின்சென்ட் மாலையோடு வந்தார். உடலுக்குப் போட்டுக் கும்பிட்டார். பிறகு தேசப்பனின் மனைவி இருசம்மாள் பக்கம் குனிந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. கன்னுங்கள யாரு புடுங்குனதுனு தேசப்பன் எதுனா சொன்னாரா? ஆபீஸ்ல கேக்குறாங்க."

அண்ணனின் இடுப்பில் புது வேட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த முத்துராஜின் கை நின்றது.

"எருமை மேஞ்சிட்ச்சு சார்," என்றாள் இருசம்மாள்.

"எருமை இலையத்தானம்மா கடிக்கும்? இது வேரோட இல்ல வந்திருக்கு."

"ரெண்டு வாட்டி கேட்டேன். ரெண்டு வாட்டியும் எருமைனுதான் சொன்னாரு." அவள் வனவரைப் பார்க்கவில்லை; முத்துராஜைப் பார்த்தாள். "அதுக்கு மேல கேக்காதனு சொல்லிட்டு, சாப்புடாமகூட எந்திரிச்சிப் போனாரு."

வின்சென்ட் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"அண்ணி..."

"வேட்டிய இறுக்கிக் கட்டு தம்பி. தொளதொளனு இருந்தா உங்க அண்ணனுக்குப் புடிக்காது."

தேசப்பனுக்கு ஒரே மகள், திவ்யா. அதனால் கொள்ளி தம்பிக்கு என்று யாரும் கேட்காமலே முடிவாகியிருந்தது. வேண்டாம் என்பதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை. ஈர வேட்டியோடு நின்றவனின் கையில் நெருப்புச் சட்டி தொங்கிய உறியைக் கொடுத்தார்கள்.

கரைப்பாதையில் எதிர்க்காற்று. அவன் முன்னால் நடந்தான். சட்டியின் புகை நேராக அவன் முகத்தில் அடித்தது.

"கைய மாத்திப் புடிடா," என்றார் எல்லப்பன் பின்னாலிருந்து. "பொக மூஞ்சிலயே அடிக்குது பாரு."

முத்துராஜ் கையை மாற்றவில்லை.