நாலு விரல் இடைவெளி

மழை விட்ட முதல் வாரத்தில் மாச்சய்யா தன் கல்யாணக் குப்யாவை வெயிலில் போடுவார். வருஷா வருஷம் அப்படித்தான். மூன்று மாத மழையில் குடகில் மனுஷனுக்கே பூசணம் பிடிக்கிறது, பெட்டிக்குள் கிடக்கிற வெள்ளை அங்கிக்குப் பிடிக்காதா? கொடியில் போடுவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்ப்பார். அதுவும் வழக்கம். கதவைச் சாத்திக்கொண்டுதான். எழுபத்துநாலு வயசில் ஒருத்தன் மாப்பிள்ளைக் கோலத்தில் கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்தால் ஊர் சும்மா விடுமா?

இருபத்தாறு வயசில் தைத்தது. அப்போது எஸ்டேட் லாரியில் கிளீனர் வேலை. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இப்போது வயிறு தனி ஆள் மாதிரி அவருக்கு முன்னால் நடந்து போகிறது. போன வருஷம் போட்டுப் பார்த்தபோது முன்பக்கம் இரண்டு ஓரமும் சேரவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. கதவைத் திறந்துகொண்டு வந்த பெண்டாட்டி தேச்சம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"இதை எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க? உங்க தங்கச்சி மகன் போபண்ணா வளர்ந்துட்டான். அவனுக்குக் கொடுத்தா கல்யாணத்துக்கு ஆகும்ல."

"அவனுக்குக் கொடுத்துட்டா, எனக்கு என்னத்தைப் போடுவே?"

குடகில் ஆம்பிளைக்கு வெள்ளைக் குப்யா இரண்டே தடவைதான். மணை ஏறும்போது ஒருமுறை, செத்துக் கட்டிலில் கிடத்தும்போது ஒருமுறை. நடுவில் வருகிற பண்டிகை, விருந்துக்கெல்லாம் கறுப்பு.

சேராவிட்டால் போகட்டும், செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் மாச்சய்யாவும் இருந்தார். இந்த மழையில் சோமய்யா போகும்வரைக்கும். சோமய்யா அவர் வயசுக்காரர், நல்ல தாட்டியான ஆள். குளிப்பாட்டிக் குப்யாவைப் போட்டார்கள், கை நுழையவில்லை. மருமகன்காரன் பிளேடை எடுத்தான். கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் முதுகுப்பக்கம் ஒரே கிழி. இரண்டு பாதியையும் முன்னாலிருந்து மாட்டி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகினார்கள். "முதுகை யாரு பார்க்கப்போறா" என்றான் ஒருவன். அந்தக் கிழிகிற சத்தம் மாச்சய்யாவின் காதைவிட்டுப் போகவில்லை. கோழியை உரிக்கிற மாதிரி. நாற்பது வருஷம் பட்டுப்போல மடித்து வைத்த அங்கி!

அதனால் இந்த வருஷம் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு குப்யாவை மாட்டினார். ஓரங்களை இழுத்தார்.

சேர்ந்தது.

மூச்சை விட்டார். அப்போதும் சேர்ந்தே இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று சுண்டுவிரல் அகலம் ஏறிக்கூட நின்றது.

வேறொருத்தனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். மாச்சய்யா ஓரங்களை விட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தார். சும்மா கிடைக்கிற எதையும் அவர் நம்பினதில்லை. நாலு விரல் சதை எங்கே போனது? கேட்காமல் வந்த நல்லதுக்குப் பின்னால் கெட்டது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். அவர் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. காக்கி நிக்கர் இடுப்பில் நிற்காமல் வாழைநாரை எடுத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் துப்பாக்கிக்குப் பூ வைக்கிற கைல்போள்துப் பண்டிகைக்கு அவருடைய துப்பாக்கி இருந்தது, அவர் இல்லை.

கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கிய குப்யா இப்போது முழங்காலுக்கு மேலே நின்றது. துணி சுருங்கியிருக்கிறது. சுருங்கின துணியே மூடுகிறது என்றால் இவர் எவ்வளவு சுருங்கியிருக்க வேண்டும்? உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏண்டி, நான் இளைச்சிட்டேனா?"

தேச்சம்மாவின் கை கரண்டியோடு நின்றது. குப்யா கொடியில் தொங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஆமா... கொஞ்சம் இளைச்சிருக்கீங்க போல."

அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டியே சொல்லிவிட்டாள்.

டாக்டரிடம் போக அவருக்குச் சம்மதமில்லை. இல்லாத வியாதியைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவான். பேசாமல் விராஜ்பேட்டைக்குப் போய், மிளகு மண்டி சதாசிவனின் தராசில் ஏறி நின்றார்.

"எண்பத்தி ரெண்டு கிலோ அய்யா. போன வருஷத்தைவிட ஒரு கிலோ கூட."

"உன் தராசு என் மிளகை நிறுத்தா குறைச்சுக் காட்டும், என்னை நிறுத்தா மட்டும் கூட்டிக் காட்டுமா?"

"அய்யா, நாப்பது வருஷமா இதே பேச்சுதானா? தராசுக்கு மிளகு எது, மனுஷன் எதுன்னு தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல. கிழவன் மனசு நோகக் கூடாதுன்னு திருகாணியைத் திருகிட்டே."

சதாசிவன் தலையில் அடித்துக்கொண்டான். மாச்சய்யா நேரே கறிக்கடைக்குப் போனார். உடம்பு கரைகிறது என்றால் கரைகிறதை நிரப்ப வேண்டியதுதானே? ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற கணக்கு. கொழுப்பும் தோலுமாக மூன்று கிலோ பன்றிக்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து நாயே எழுந்து உட்கார்ந்துவிட்டது. காலையில் அக்கி ரொட்டி ஆறு. மத்தியானம் கறிக்குழம்போடு கடம்புட்டு பதினொன்று. அந்த அரிசி உருண்டை நாலு தின்றால் மற்றவனுக்குக் கண்ணைச் சொருகும். இவர் எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டார்.

தேச்சம்மா பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "போதும். வயிறா, வைக்கோல் போரா?"

"போடுடி."

"இல்ல, தீந்துபோச்சு."

"மூடியைத் திற."

"அய்யோ, என் பேச்சைக் கேளுங்களேன். இந்த வயசுல இவ்வளவு ஆகாது. கொஞ்சம் குறைச்சுக்குங்களேன்."

இளைத்துவிட்டேன் என்று சொன்னவளும் இவள்தான், திங்காதே என்பவளும் இவள்தான். மாச்சய்யா அவளை உற்றுப் பார்த்தார். எதையோ மறைக்கிறாள். டாக்டர் யாராவது இவளிடம் ஏதாவது சொல்லியிருப்பானோ? போன சித்திரையில் காய்ச்சல் வந்தபோது ரத்தம் எடுத்தானே, அந்தக் காகிதம் எங்கே? அலமாரியில் தேடினார். கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததனாலேயே பயம் இரட்டித்தது. படுத்தால் விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்த்தார். எண்ண முடியாத அளவுக்குச் சதை மூடித்தான் இருந்தது. வீக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கைல்போள்து முடிந்து மூன்றாம் ஞாயிறு தங்கை பொள்ளம்மா வந்தாள். கூடவே போபண்ணா. ஆள் குட்டை, ஒல்லி, மூங்கில் குருத்து மாதிரி. புத்தரி அறுவடைப் பண்டிகைக்குப் பிறகு அவனுக்குக் கல்யாணம். வந்த காரியத்தைப் பொள்ளம்மா காபி ஆறும் முன்னேயே சொல்லிவிட்டாள்.

"அண்ணா, வாடகைக் கடையில கேட்டோம். பத்து பேரு வேர்வை ஊறின குப்யா, கக்கத்துல மஞ்சளா கறை. தாய்மாமன் போட்டதைப் போட்டுக்கிட்டு மணை ஏறினா அவனுக்கும் கௌரவம். உன்னோடதைக் கொடு."

மாச்சய்யாவுக்குள் கணக்கு ஓடியது. புத்தரிக்கு இன்னும் இரண்டு மாசம். அதற்கு முன்னால் இவர் போய்விட்டால்? குப்யா அங்கே எவன் வீட்டுப் பெட்டியிலோ, எந்த வண்ணான் துறையிலோ கிடக்கும். இங்கே ஆள் கிடப்பான். அவசரத்துக்கு எவனுடையதையாவது கொண்டுவருவார்கள். பிளேடும் கொண்டுவருவார்கள்.

"தர முடியாது."

"ஏன்?"

"எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்கு அண்ணா? உனக்குத்தான் அது சேராதே."

"சேருது."

பொள்ளம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "எது, இந்த வயித்துக்கா? டேய் போபண்ணா, கேட்டியாடா. உங்க மாமாவுக்கு மாப்பிள்ளை அங்கி சேருதாம்!"

"மாமா, குப்யா வயித்தைச் சுத்தி வருதா, இல்ல வயித்தைக் கண்டு திரும்பி ஓடுதா?" என்றான் அவன்.

"சிரிங்கடா, சிரிங்க. நான் எலும்பும் தோலுமா ஆயிட்டு வரேன், உங்களுக்குச் சிரிப்பு."

இப்படிச் சொன்னதும் அவர்கள் இன்னும் சிரித்தார்கள். மாச்சய்யாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போனார். பெட்டியைத் திறந்தார்.

"வேண்டாங்க, வேண்டாங்க" என்று பின்னாலேயே ஓடினாள் தேச்சம்மா. அவர் கேட்கவில்லை. குப்யாவை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நடுவில் நின்றார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

ஓரங்களை இழுத்தார். மறுபடி இழுத்தார். நடுவில் ஒரு விரல் வயிறு வெள்ளைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி மூடிச்சே!" என்றார் மாச்சய்யா.

தேச்சம்மா தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினாள். "திங்காதீங்க, திங்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! பார்வை தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு பதினஞ்சு நாளு ஊசி கோத்தேனே! பக்கத்துக்கு மூணு விரல் துணி வச்சுத் தைச்சேன். எல்லாத்தையும் தின்னே தீர்த்துட்டாரே இந்த மனுஷன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொள்ளம்மா எழுந்து வந்து அண்ணனின் கையைத் தூக்கினாள். கக்கத்திலிருந்து கீழ்வரைக்கும் இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு ஒட்டுத்துணி. அதே நூல், அதே வெள்ளை. வெளியே தெரியாதபடி பொடித்தையல்.

"துணி எங்கேருந்து அண்ணி?"

"அதிலேருந்தேதான். கீழே ஓரத்தை வெட்டினேன்."

அதனால்தான் முழங்கால் தெரிகிறது. மாச்சய்யாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வியாதி இல்லை. சதை எங்கேயும் போகவில்லை, எல்லாம் அவரவர் இடத்திலேயே இருக்கிறது. அந்த நிம்மதி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்தான் நின்றது.

"என் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

தேச்சம்மா அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சணல் கயிறை எடுத்துவந்தாள். நடுவில் ஒரு முடிச்சு.

"மத்தியானம் தூங்குவீங்கல்ல. அப்ப."

"உயிரோட இருக்கிறவனைக் கயிறு போட்டு அளந்தியா? எப்ப போவான், எப்ப போவான்னு?"

"அண்ணா!" என்றாள் பொள்ளம்மா.

"நீ சும்மா இரு. இவகிட்ட கேக்குறேன். எனக்கு அங்கி தைச்சு வச்சுக்கிட்டு, இளைச்சிட்டேன்னு வேற சொன்னியா? மூணு வாரமா நான் செத்துச் செத்துப் பிழைச்சேன்டி!"

"பின்னே என்ன சொல்றது? உங்களுக்குச் சவத்துணியை அகலப்படுத்தியிருக்கேன், வந்து போட்டுப் பாருங்கன்னா? உயிரோட இருக்கிறவனுக்கு அதைத் தைக்கக் கூடாதும்பாங்க. பொண்டாட்டியே தைச்சான்னு தெரிஞ்சா ஊரு என் மூஞ்சியில துப்பும்." அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்திருந்தது. "சோமய்யா வீட்டுல நீங்க ஆம்பிளைங்க பக்கம் நின்னீங்க. நான் தலைமாட்டுல நின்னேன். பிளேடை நானும்தான் பார்த்தேன். அவர் பொண்டாட்டி கண்ணை மூடிக்கிட்டா. அவ மூடினா, காது கேக்காமப் போயிடுமா? நாளைக்கு அந்த இடத்துல நான் நிக்கணும். என்னால முடியாது."

மாச்சய்யா கயிறை வாங்கித் தன் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். முடிச்சு எட்டவில்லை. அந்தக் கிழிகிற சத்தம் தன் காதில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார். ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"இன்னும் கீழே வெட்ட முடியுமா?" என்று கேட்டார்.

"வெட்டினா குப்யா இருக்காது. சட்டைதான் இருக்கும்."

மாச்சய்யா குப்யாவைக் கழற்றினார். மடித்தார். மடிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு போபண்ணாவின் மடியில் வைத்தார்.

"ஒட்டைப் பிரிச்சு எடுத்துட்டா உனக்குச் சரியா இருக்கும். குள்ளப்பயல், நீளமும் இடிக்காது. திருப்பித் தர வேண்டாம், நீயே வச்சுக்கோ. வச்சிருந்து என்ன பண்றது? அது எனக்குச் சேராது. சேர வைக்கணும்னா ஒண்ணு அதை அறுக்கணும், இல்ல என்னை அறுக்கணும்."

"அப்ப உங்களுக்கு, மாமா?" என்றான் அவன். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

"கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போறப்போ வெள்ளையில ஏழு கெஜம் சேர்த்து எடு. காசு நான் தரேன். உங்கப்பன் எடுத்தா மட்டத் துணியாப் பார்த்து எடுப்பான்."

துணி வந்துசேர்ந்த மறு திங்கட்கிழமை மாச்சய்யாவும் தேச்சம்மாவும் விராஜ்பேட்டைக்குப் போனார்கள். தையல்காரர் ரஷீத் துணியைத் தடவிப் பார்த்தார். வெள்ளை. எதிரே நின்ற ஆளைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"யாருக்குங்க கல்யாணம்?"

"எனக்குத்தான். தேதி மட்டும் குறிக்கலை. அளவை எடு. கயிறு, கிறுன்னு வேண்டாம். நேரா நாடாவைப் போட்டே எடு."

ரஷீத் மென்று விழுங்கிக்கொண்டு நாடாவை வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தார். மாச்சய்யா மூச்சை உள்ளே இழுத்தார்.

"விடுங்க" என்றாள் தேச்சம்மா. "மூச்சை விட்டுட்டு நில்லுங்க. அங்கே போய் யாரு உங்களுக்காக இழுத்துப் பிடிப்பா?"

அவர் மூச்சை விட்டார். வயிறு இறங்கி நாடாவில் உட்கார்ந்தது.

"நாலு விரல் தாராளமா விட்டுத் தைக்கட்டுமா?" என்று கேட்டார் ரஷீத்.

மாச்சய்யா சரியென்று தலையை ஆட்டினார்.

"ஆறு விரல் விடுங்க" என்றாள் தேச்சம்மா. "வீட்டுல இன்னும் கறி மிச்சம் இருக்கு."