ஒவ்வாமைக் கட்டம்

எங்கள் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வருமுன் காகிதக் கோப்புகள் இருந்தன. தாதியான நான் சில கோப்புகளின் மூலையில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவேன். என்ன வருத்தம், என்ன நோய் என்று நோயாளிக்கு வீட்டார் சொல்லவில்லை, நாமும் வாய் திறக்கக்கூடாது என்று அதற்கு அர்த்தம். வாசலில் பிரிவின் பெயர்ப்பலகை ஆளுயரத்தில் நிற்கிறது. அதனால் வட்டக்காரர்களை வீட்டார் பக்கக் கதவால் கூட்டி வருவார்கள்.

கம்ப்யூட்டர் பழக்க வந்த ஜொனதனிடம், வட்டத்தை எங்கே போடுவது என்று கேட்டேன். அது மருத்துவத் தகவலா என்றான். அதைவிட முக்கியம் என்றேன். அப்படியொரு இடம் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் தமிழிலேயே அடிக்கலாம் என்று பெருமையாகச் சொன்னான்.

தேடிப் பார்த்தேன். ஒவ்வாமை என்றொரு கட்டம் இருந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உரியது. அதில் எதை அடித்தாலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பாக வந்து நிற்கும். நான் ‘வருத்தத்தின் பெயர்’ என்று அடித்தேன். புது டொக்டர்மார் சிவப்பைக் கண்டு என்னிடம் ஓடி வருவார்கள். விளக்கம் சொன்னால் அடங்கிவிடுவார்கள். கொஞ்சக் காலத்தில் கிளினிக்கில் பாதிப்பேருக்கு அந்த ஒவ்வாமை வந்துவிட்டது.

பூரணம் அம்மாவும் அவர்களில் ஒருவர். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம். அவருடைய கணவர் நடராசா ஐயா முதல் நாளே என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“அவளுக்கு அல்சர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம், மிஸி. அவளின்ரை தமக்கை தன்ரை வருத்தத்தின்ரை பேரைக் கேட்ட அண்டைக்கே சாப்பாட்டை விட்டவ. இவளும் அப்பிடித்தான் போயிடுவாள்.”

தலைமயிர் கொட்டியபோது கிணற்றுத் தண்ணீரில் பழியைப் போட்டார். வாந்திக்குக் கத்தரிக்காயில். மனுசனுக்குக் கற்பனை குறைவில்லை.

மருந்து நன்றாக வேலை செய்தது. சிக்கல் வேறு. அல்சருக்கு இந்தப் பாடு படத் தேவையில்லை, அடுத்தமுறை வரமாட்டேன், வெங்காயம் நடவேண்டும் என்று பூரணம் அம்மா சொல்லத் தொடங்கினார். இடையில் விட்டால் திரும்பவும் வளரும், பிறகு தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார் டொக்டர். நான் ஐயாவிடம் கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்தால் அந்தக் கோபத்தையும் வைத்திருக்க முடியவில்லை.

அந்தக் கிழமைதான் ஜொனதன் புதிய பிரிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். சேலைன் போத்தலில் ஒட்டும் துண்டை இனி அதுவே அடித்துத் தருமாம். பூரணம் அம்மாவின் துண்டில் பெயரும் மருந்தும் இலக்கமும் சரிபார்த்து ஒட்டினேன். அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை. நடராசா ஐயா தேத்தண்ணி வாங்கக் கன்டீனுக்குப் போயிருந்தார். கட்டிலில் கிடந்தவருக்கு அண்ணாந்து வாசிக்க வேறொன்றும் இல்லை.

“பிள்ளை, ஒருக்கா வாங்கோ,” என்றார். “எனக்கு வருத்தத்தின்ரை பேர் ஒத்துக்கொள்ளாதாம். உதிலை எழுதிக் கிடக்கு.”

நிமிர்ந்து பார்த்தேன். சுத்தமான தமிழில், சிவப்பில் இருந்தது. ஆங்கிலத்தில் அடித்திருந்தால் தப்பியிருப்பேன். மெசின் பிழை என்று சொன்னேன்.

“மெசினுக்கு என்னிலை என்ன கோவம்?”

நான் சொட்டு வேகத்தைத் திருத்துவதுபோல் குழாயைப் பிடித்தேன்.

“இறால் ஒத்துக்கொள்ளாது எண்டு சின்னனிலை தின்னப் பாத்துத்தான் தெரிஞ்சது. இதை ஆர் எனக்குத் தந்து பாத்தது?”

இத்தனை வருடத்தில் எந்த டொக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு வெட்கமாக இருந்தது.

“சொல்லுங்கோ, பிள்ளை. கடிச்சால் சொறியிறன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தேன். பெயரைச் சொன்னேன். எங்கே இருக்கிறது, மருந்து அதை எவ்வளவு சுருக்கியிருக்கிறது, நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். அவர் போத்தலில் இருந்து மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் காதுவரை வழிந்தது. ஊசி ஏறாத கையால் துடைத்தார்.

“அப்ப வெங்காயத்தை அவர் நடட்டும்,” என்றார். “நான் வாறன்.”

வாசலில் நடராசா ஐயாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பூரணம் அம்மா எழும்பிக் கையை நீட்டித் துண்டை உரித்து உள்ளங்கைக்குள் உருட்டிக்கொண்டார்.

“அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கு ஒத்துக்கொள்ளாது.”

பெயரில்லாமல் போத்தல் தொங்கக்கூடாது என்பதால் நான் கையால் எழுதி ஒட்டினேன். ஐயா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, அவள் ஏதாவது கேட்டாளா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன்.

ஜொனதன் அந்த வரி துண்டில் வராமல் பிரிண்டரைத் திருத்திவிட்டான். திரையில் பூரணம் அம்மாவின் சிவப்பை நான் அழிக்கவில்லை. ஒருமுறையும் தவறாமல் வருகிறார். ஐயா இன்னும் பக்கக் கதவால்தான் கூட்டி வருகிறார். பலகை தெரியும் இடம் வரும்போது தன் உடம்பால் அதை மறைத்துக்கொண்டு நடக்கிறார். அவர் நன்றாக மறைக்கட்டும் என்று பூரணம் அம்மா தலையைக் குனிந்து மெதுவாக நடக்கிறார்.