ரம்பம் போட்ட புது ஆல்பம்

ரம்பம் என்ற பெயர் அவளுக்கு இருபது வயதில் வந்தது. இரும்பை அறுப்பதுபோன்ற குரல் என்று ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர். அறுபதைத் தாண்டியும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது. பேச உட்கார்ந்தால் இவள் விடமாட்டாள் என்று இப்போது வீட்டில் எல்லோரும் அதே பெயரைச் சொல்கிறார்கள். இரண்டுமே தனக்குப் பொருந்தும் என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பங்க் என்ற முரட்டு ராக் பாட்டுகளைப் பாடியவள். மேடையிலேயே தலையில் பெயின்டைக் கொட்டிக்கொள்வாள். பத்திரிகைக்காரர்கள் அதைக் கலை என்றார்கள். அவள் அம்மா அதைத் துவைத்தாலும் போகாத கறை என்றாள்.

பல வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது மறுபடியும் ஆல்பம். டயர் கடைக்கு மேலே ஒரு ஸ்டுடியோ. கீழே காற்றடிக்கும் இயந்திரம் சீறும்போதெல்லாம் மேலே பாட்டை நிறுத்த வேண்டும். டிரம்ஸ் வாசிப்பது அவளுடைய சொந்த அண்ணன். அன்றைக்கும் அவர்தான், இன்றைக்கும் அவர்தான். ஒரே வித்தியாசம், இப்போது இடுப்புக்கு ஒரு தலையணை வேண்டும்.

அன்று அவள் புதுப் பாட்டோடு வந்தாள். குளிக்கும்போது தானாகவே பொங்கி வந்த மெட்டு என்று படியேறும்போதே அண்ணனிடம் பீற்றிக்கொண்டாள். "கதவை உடை" என்று ஆரம்பிக்கும் பாட்டு. மூச்சு வாங்க, முகம் சிவக்கப் பாடி முடித்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் அம்மாளைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது உங்க முதல் ஆல்பத்துல இருக்கிற பாட்டுதானே?"

"எது?"

"இதேதான். மெட்டு, வரி எல்லாம். காலேஜ்ல நாங்க மேசையைத் தட்டிப் பாடுவோம்."

ரம்பத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையணையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

"முதல் வரியிலேயே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"வேணும்னே செய்றன்னு நெனச்சேன். நீ எது செஞ்சாலும் கலைன்னு சொல்லுவாங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு வாசிச்சேன்."

மற்றவர்களிடம் திருடினாலாவது மானம் மிஞ்சும். தன் வீட்டிலேயே கன்னம் வைத்துவிட்டு, பிடிபட்டதும் தெரியாமல் மார்தட்டி நிற்பதா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு, "அந்தப் பழசைப் போடும்மா, கேட்போம்" என்றாள்.

அந்த அம்மாள் தேடிப் போட்டாள். ஒரு சின்னப் பெண் உச்சக்குரலில் கத்தினாள். கதவை உடை, வீட்டுக்குப் போகாதே, வயசானவனை நம்பாதே. மைக் முன்னால் நின்றிருந்த ரம்பம் தன்னையறியாமல் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"கதவை உடை!"

"பூட்டவே இல்லடி. தள்ளிப் பாரு."

"வீட்டுக்குப் போகாதே!"

"போகாம? மாத்திரை யாரு போடறது?"

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குச்சியை எடுத்தார். ஒலிப்பதிவாளர் கையசைத்துப் பதிவைத் தொடங்கினாள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் சீறியது. யாரும் நிறுத்தவில்லை.

கடைசி வரியில் அந்தப் பெண்ணின் குரல் லேசாக உடைந்தது. "எனக்குப் பயமில்லை" என்பதுதான் அந்த வரி. அந்தக் காலத்தில் எல்லோரும் அதை ஆவேசம் என்று கொண்டாடினார்கள். அது வெறும் நடுக்கம் என்று ரம்பத்துக்கு மட்டும் தெரியும். அந்தப் பாட்டை முதலில் பதிவுசெய்த நாள் காலையில்தான் அப்பா அவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். வாய் நிறைய வைத்திருந்த கிண்டலை அவளால் சொல்ல முடியவில்லை. "தெரியும்டா கண்ணு, தெரியும்" என்று மட்டும் பாடினாள். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று அவளே கேட்டாள்.

"வேண்டாங்க்கா" என்றாள் ஒலிப்பதிவாளர். பதிவை அப்படியே சேமித்துக்கொண்டாள்.

ஆல்பம் வெளிவந்தது. பெரிதாக ஓடியது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ஒரு பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஒரு விமர்சகர், பாட்டில் வரும் இளம்பெண் நன்றாகப் பாடுகிறாள், உடன் பாடும் மூதாட்டி யாரோ என்று எழுதியிருந்தார். ரம்பம் அதை அண்ணனுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினாள்.

"கேட்டியாண்ணா? மூதாட்டியாம்!"

"அதுல என்ன தப்பு?" என்றார் அண்ணன். "சரி, அடுத்த பாட்டு எப்போ?"

"ஒரு மெட்டு இருக்கு. பாடறேன், இதுவும் பழசான்னு மட்டும் சொல்லு" என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள் அவள்.