டப்பாவில் ஒட்டிய சீட்டு

குடும்பத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர். வைத்தவள் நாத்தனார், கணவனின் அக்கா. வைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். வேர்க்கடலை கொஞ்சம் உள்ளே போனாலும் மகளுக்குத் தொண்டை வீங்கிவிடும். கேக் தின்றுவிட்டு மூச்சுக்குத் தவித்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்குத்தானே அந்தப் பயம் தெரியும்! அன்றிலிருந்து பொட்டலத்தின் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. படித்ததும் அந்தப் பட்டியலைக் கத்தரித்து, சாமானைக் கொட்டி வைக்கும் டப்பாவில் ஒட்டிவிடுவாள். மகளும் நன்றாகப் பழகியிருந்தாள். யார் எதை நீட்டினாலும், "அம்மா, படிச்சாச்சா?" என்று கேட்காமல் வாயைத் திறக்கமாட்டாள்.

அன்று காலையில் நாத்தனார் ஒரு பை நிறைய பிஸ்கட்டோடு வந்தாள்.

"அண்ணி, இதுல என்னென்ன போட்டிருக்குன்னு எழுதலையே."

"பிஸ்கட்டுல பிஸ்கட்டுதான் இருக்கும். நான் என்ன விஷமா வாங்கிட்டு வந்தேன்?"

"கோவிச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு மட்டும் வேணாம்."

பை அலமாரி உச்சிக்குப் போனது. நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது.

சாயங்காலம் பாலில் கலக்கும் சத்துமாவு தீர்ந்திருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். வழக்கமான அதே கம்பெனி, அதே மஞ்சள் பொட்டலம். பிரித்து டப்பாவில் கொட்டினாள். டப்பாவில்தான் சீட்டு ஏற்கெனவே இருக்கிறதே! பொட்டலத்தைக் கசக்கி அடுப்பு மேடையில் போட்டுவிட்டு, பாலைக் கலந்து மகளிடம் கொடுத்தாள்.

"அம்மா, படிச்சாச்சா?"

"படிச்சாச்சு கண்ணு."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நாத்தனாருக்குக் காலையில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கசங்கிய பொட்டலத்தை நீவி எடுத்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவள் போலக் குரலை மாற்றிக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டரம்மா வீட்டுச் செய்திகள். கோதுமை மாவு, சர்க்கரை, பால் பவுடர், வேர்க்கடலை..."

அடுத்த நொடி நாத்தனாரே பாய்ந்து, குழந்தையின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். பால் தரையெல்லாம் கொட்டியது. நல்லவேளை, குழந்தை அதுவரை சூட்டை ஊதிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் நாத்தனாரிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பார்த்தாள். முன்பக்க மூலையில் 'புதிய சுவை' என்று சின்னதாகப் போட்டிருந்தது. பின்னால் பொடி எழுத்தில் வேர்க்கடலை மாவு. கம்பெனிக்காரன் எழுதித்தான் இருந்தான். அவள்தான் படிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாத்தனார் ஒரு குத்தல் வார்த்தைகூடச் சொல்லாமல் குழந்தையின் கையைக் கழுவிவிட்டாள்.

அழுது முடித்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். மாவைக் குப்பையில் கொட்டினாள். எல்லா டப்பாக்களிலும் இருந்த சீட்டுகளை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள்.

"இனிமே டப்பாவே வேணாம் அண்ணி. எல்லாம் பொட்டலத்தோடயே இருக்கட்டும். வாங்குற ஒவ்வொரு தடவையும் படிக்கணும். நான் படிச்சப்புறம் இன்னொருத்தரும் படிக்கணும்."

"இன்னொருத்தர்னா யாரு? என் தம்பியா? அவன் பேப்பர்லயே தலைப்பைத் தாண்டமாட்டான்" என்றாள் நாத்தனார். அலமாரி உச்சியிலிருந்த பிஸ்கட்டை இறக்கித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். "இது என்னோடயே வரட்டும்."

குழந்தைக்குப் பசி. அவள் ஒரு புது ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து, ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படித்துவிட்டு ஒரு துண்டை நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாள். வாயில் வைக்கவில்லை. அம்மாவைத் தாண்டிப் பார்த்தாள்.

"அத்தை, படிச்சாச்சா?"

அம்மா பொட்டலத்தை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"முதல்லேருந்து படிங்க அண்ணி. பாப்பா கேக்குறா."