வெறும் வயிற்றில் துடுப்பு

இன்னும் ஒரே ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ சல்மாவின் இடுப்பில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாளைக் காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். அதற்குள் கரைத்தாக வேண்டும்.

மகள் மாஷிதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் இராமநாதபுரத்துக்குப் போய் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்துவிட்டு வருகிறாள். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும், மிஞ்சினால் உடம்பில் தங்கிவிடும். அவள் வாப்பா, சல்மாவின் வீட்டுக்காரர் சீனி முகம்மதுக்குச் சர்க்கரை, அவர் சிறுநீரகம் கொடுக்க முடியாது. மாஷிதாவின் புருஷன் ரிஃபாய்க்கு ரத்த வகை சேரவில்லை. மிச்சம் யார்? பெற்றவள்தான். அவளுக்கு எல்லாமே பொருந்தியது. ஆனால் ஆள் கனம். “இந்த எடையோட உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்மா, இறக்கிட்டு வாங்க” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எப்படி இறக்குவது? முட்டிவலி நடக்க விடாது. ஐம்பத்தாறு வயதில் கீழக்கரைத் தெருவில் ஓடவா முடியும்? அப்போதுதான் ரிஃபாய் ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் ஒரு மிஷினைப் போட்டுவிட்டான். நீளமாக ஒரு தண்டவாளம், அதில் முன்னும் பின்னும் ஓடுகிற சின்ன இருக்கை, காலை மாட்ட வார், இழுக்க ஒரு கைப்பிடி. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே துடுப்புப் போடலாம், முட்டிக்கு அடி விழாது.

சீனி முகம்மது வயிறு குலுங்கச் சிரித்தார். “கடலுக்குப் போறவனெல்லாம் மோட்டார் மாட்டிட்டான். நம்ம வீட்டுல பொம்பள துடுப்புப் போடுறா. எந்தக் கரைக்குப் போறதா உத்தேசம்?”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஒங்க மக பொழச்சு எந்திரிக்கட்டும், அப்புறம் நானும் சேந்து சிரிக்கிறேன்” என்றாள் சல்மா.

முதல் வாரம் படாத பாடு. மேக்சி சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. கையாலேயே இழுத்து இழுத்துத் தோள்பட்டை இற்றுப்போனது. “மாமி, கைய விடுங்க. முதல்ல கால உதைங்க, அப்புறம் முதுகு, கடைசியிலதான் கை” என்று ரிஃபாய் வீடியோ காலில் கத்தினான். மிஷினின் திரையில் ஓடிய கணக்கு எதுவும் அவளுக்குப் புரியவில்லை. ஒரு இழுப்புக்கு ஒரு சுப்ஹானல்லாஹ் என்று தானாகவே கணக்கு வைத்துக்கொண்டாள். அப்புறம் கை கால் எல்லாம் சொன்னபடி கேட்டன. மாதம் போகப்போக வளையல் தொளதொளத்தது, மூச்சு வாங்குவது குறைந்தது. இந்த உடம்பா இப்படி இறங்குகிறது என்று அவளே அசந்துபோனாள்.

மாஷிதா மட்டும் சந்தோஷப்படவில்லை. கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பதுதான் அந்த ஊர் வழக்கம். அடுத்த அறையில் படுத்தபடி, இருக்கை ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். “ஒன்னய அறுத்துத்தான் நான் பொழைக்கணுமா உம்மா?” என்று ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள் மிரட்டவே செய்தாள். “மிஷினோட நிறுத்திக்க. நோன்பு கீன்பு வச்சு ஒடம்பக் கெடுத்தே, நான் டயாலிசிசுக்கே போக மாட்டேன், பாத்துக்க.”

ஆனால் சல்மா ஏற்கெனவே நேர்ச்சை செய்திருந்தாள். பரிசோதனைக்கு முதல்நாளும் பரிசோதனை அன்றும் நோன்பு வைப்பதாக அல்லாஹ்விடம் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வேறு போன் போட்டு, காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். பிறகென்ன? அவர்கள் கேட்ட வெறும் வயிறும் ஆயிற்று, நேர்ச்சையும் ஆயிற்று, அந்தப் பாழாய்ப்போன ஒரு கிலோவும் ஒழியும். மகளுக்குத் தெரியாமல் மனசுக்குள் நோன்புக்கு நிய்யத்து வைத்தாள்.

பரிசோதனைக்கு முதல்நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். பகல் வெயிலின் வெக்கை சுவரிலிருந்து இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. உதைத்தாள், சாய்ந்தாள், இழுத்தாள். பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை விடவில்லை. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர். அதற்கு மேல் குடித்தால் அதுவும் எடையில் சேருமே என்று பயம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் மகளுக்குத் தெரிந்துவிடும் என்று எழவே இல்லை. விடிகாலை பஜ்ர் தொழுததும் மறுபடி மிஷின். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யா அல்லாஹ், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தாள்.

மதுரையில் எடை பார்க்க ஏறும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். “அட, சொன்னதுக்கும் கீழ வந்துட்டீங்களே!” என்றாள் நர்ஸ். சல்மாவுக்கு அழுகை முட்டியது. ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் கேட்டார்கள், அதுதான் வருவேனா என்றது. வெகுநேரம் கழித்துக் கொஞ்சம் வந்தது, அதுவும் அடர்ந்த மஞ்சளாக.

சாயங்காலமாகித்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் முடிவுகளைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“போன தடவை நல்லா இருந்துச்சேம்மா. இப்ப உங்க கிட்னியே தடுமாறுதே. கழிவு ஏறியிருக்கு, புரதம் வேற போகுது. காய்ச்சல் வந்துச்சா? வலி மாத்திரை போட்டீங்களா? சாப்பிடாம, தண்ணி குடிக்காம இருந்தீங்களா?”

சல்மா ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் மாஷிதா. டயாலிசிசுக்கே போக மாட்டேன் என்று சொன்னவள். சொன்னதைச் செய்கிற கழுதை அது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்.”

“அப்ப மன்னிச்சுக்கங்க. உங்ககிட்ட ஒண்ண எடுத்தா நாளைக்கு நீங்களும் டயாலிசிசுக்கு வரவேண்டியிருக்கும். வேற ஆளப் பாருங்க.”

வெளியே வராந்தாவில் சல்மா பொத்தென்று உட்கார்ந்தாள். வேற ஆளுக்கு எங்கே போவது? நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மாஷிதாவின் முகத்தில் அத்தனை நிம்மதி.

“ஒனக்குச் சந்தோஷமாடி?”

“ஆமா. நீ முழுசா வீட்டுக்கு வாரேல்ல, அது போதும் எனக்கு” என்று உம்மாவின் கன்னத்தைத் தொட வந்தவள், அப்படியே நின்றாள். “ஒதடு ஏன் இப்படி வெடிச்சுக் கெடக்கு? காலையிலேருந்து நீ ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாக்கலையே. நோன்பா?”

சல்மா கையால் உதட்டை மூடினாள்.

“நேத்தும் நோன்பா? அதோடயா மிஷின் போட்டே?” மாஷிதா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அடிப்பாவி உம்மா! அளந்து அளந்து குடிச்சிட்டு, ராத்திரி பூரா தண்ணியக் கனாக் கண்டுக்கிட்டுக் கெடக்கேன் நான். குடிக்கக் கொடுத்துவச்ச நீ வேண்டாம்னியா? தண்ணியில்லாம ஒடம்ப அப்படி அடிச்சா கழிவுக் கணக்கு ஏறாம என்ன செய்யும்?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சல்மாவுக்கும் உறைத்தது. அப்படியானால் சிறுநீரகத்தில் கோளாறே இல்லை. சல்மா சுவரைப் பிடித்து எழுந்தாள்.

மாஷிதா குறுக்கே நின்றாள். “சொல்லாத உம்மா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். ஆப்பரேசன்ல ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த உசுரு எனக்கு எதுக்கு?”

“நீ போயிட்டா இந்த உசுரு எனக்கு எதுக்குடி? அதுக்குப் பதில் சொல்லு, நான் இங்கனயே உக்காந்துக்கிறேன்.”

சல்மா மகளை விலக்கிவிட்டு, டோக்கன் கூப்பிடுகிற ஆள் தடுத்ததையும் காதில் வாங்காமல் உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினாள். நோன்பு, மிஷின், பொய் எல்லாம். டாக்டர் பேனாவை மேசையில் போட்டார்.

“வெறும் வயிறுன்னா சாப்பாடு வேணாம்னு அர்த்தம்மா. தண்ணி குடிக்க வேணாம்னு யாரு சொன்னா? ஒரு வாரம் அந்த மிஷின் பக்கமே போகக் கூடாது. இப்பவே குடிக்க ஆரம்பிங்க. பெரும்பாலும் சரியாயிரும். மறுபடி எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

வெளியே வந்தபோது மாஷிதாவைக் காணோம். கோபித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டாளோ? சல்மா சுவரைப் பிடித்தபடி படிப்பக்கம் நடந்தாள். அதற்குள் கேன்டீன் பக்கமிருந்து மாஷிதா மெல்ல நடந்து வந்தாள், கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு. உம்மாவை உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து மூடியைத் திருகினாள்.

“குடி.”

“மக்ரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான...”

“இன்னொரு நாள் களா வச்சுக்கலாம். குடி உம்மா.”

சல்மா பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தாள். தண்ணீர் இறங்க இறங்க உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. பாதி பாட்டிலில் நிறுத்தினாள். எதிரே மகளின் தொண்டையும் வெறுமனே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு முன்னால் குடிக்கக் கூசியது.

மாஷிதா கையை நீட்டி, பாட்டிலின் அடியைப் பிடித்து மறுபடி உயர்த்திவிட்டாள்.

“நிறுத்தாத உம்மா” என்றாள். “எனக்கும் சேத்துக் குடி.”