தனித்தனியாய் முளைத்தவை

முழு உடம்பையும் படமெடுத்த மறுவாரம் ஜுசாரா டாக்டர் ரெஜியானியின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் வந்த கட்டியை முன்பே எடுத்தாகிவிட்டது. இப்போது திரையில் நுரையீரலில் ஒரு புள்ளி, தொடையில் ஒரு புள்ளி.

"பரவிடுச்சா டாக்டர்? எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்."

"அவசரப்படாதீங்கம்மா. ரெண்டுலயும் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடலாம்."

பார்த்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாத புற்றுநோய்கள். அவர்கள் வாழும் பரனா மாநிலத்துக் குடும்பங்கள் பலவற்றில் வழிவழியாய் வந்து, உடம்பில் பல இடங்களில் புற்றை முளைக்கவைக்கும் மரபணுக் கோளாறு அவள் ரத்தத்திலும் இருந்தது.

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணு பரவல. தனித்தனியா முளைச்சிருக்கு. சின்னதா இருக்கறப்பவே கண்ணுல பட்டுடுச்சு, வெட்டி எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அவருக்குச் சிறுநீரகத்தில் ஒன்று, நுரையீரலில் ஒன்று. பரவிவிட்டது என்று ஊர் மருத்துவர் சொன்னதும், மேற்கொண்டு வைத்தியம் வேண்டாமென்று வீட்டுக்குக் கூட்டிப்போக முடிவெடுத்தது அவள். மாநிலத் தலைநகர் குரிச்சிபாவில் இன்னொரு முறை காட்டலாம் என்று தம்பி அமவுரி மன்றாடினான். "அவரை வதைச்சாத்தான் உனக்கு மனசு ஆறுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அப்பாவைப் புதைத்த நாளோடு அவன் அவளிடம் பேச்சை நிறுத்தினான்.

அறுவை சிகிச்சைகள் முடிந்து நடக்கத் தெம்பு வந்ததும் அவனுடைய டயர் கடைக்குப் போனாள். அவன் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வந்தவருக்கு நீட்ட வேண்டிய குவளையை நீட்டவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயும் சோதிச்சுக்கணும்டா."

"அப்போ அப்பாவுக்கும் தனித்தனியா இருந்திருக்குமா?"

"தெரியாது. பார்க்க விடாம பண்ணினது நான்தானே."

அவன் குவளையைக் கீழே வைத்தான். "நான் மட்டும் என்ன கிழிச்சேன்? அப்பாவைத் தோள்ல தூக்கிப் போட்டுட்டாவது போயிருக்கணும். உன் வாய்க்குப் பயந்துட்டேன் அக்கா." பிறகு வெந்நீர் ஊற்றிக் குவளையை அவளிடம் கொடுத்தான்.

அவன் ரத்தத்திலும் அந்தக் கோளாறு இருந்தது. படமெடுக்கும் அறை வாசலில், உள்ளேயிருந்த குழாய் போன்ற எந்திரத்தைப் பார்த்துத் தொப்பையைத் தடவிக்கொண்டு, "உள்ள மாட்டிக்கிட்டா?" என்றான்.

"சோப்பு தடவி இழுத்துடுவாங்க, போ."

முடிவு வந்தபோது திரையில், இடது சிறுநீரகத்தில், பட்டாணி அளவில் ஒன்று தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அதை மட்டும் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். அப்படியே எடுத்தார்கள். அவன் தேறிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில், "அப்பாவுக்கும் இதே பக்கந்தான்," என்றான் அமவுரி.

ஜுசாரா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.