கங்காணிகளுக்குப் படையல்

கங்காணியான நாள் முதல் பக்கிரிசாமி உச்சிப்பொழுதில் ஆபீஸ் வாசல் பெஞ்சுப் பக்கம் தலைகாட்டுவதில்லை. செத்துப்போன பழைய கங்காணிகள் இருவரும் அங்கே உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருப்பார்கள். மலாயாவில் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் வேறு யார் கண்ணுக்கும் அவர்கள் தெரிவதில்லை. பதவியில் இருக்கிறவனைத்தானே பழைய பதவிக்காரன் பிடித்துக்கொள்வான்!

மூத்தவர் மணியம். ரப்பர் மரத்தடியைத் தோண்டினால் தேங்காயும் கருவாடும் கிடைக்கும் என்று சத்தியம் பண்ணி, சனங்களை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய புண்ணியவான். அடுத்தவர் வீரசாமி. கூலி கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களிடம், துரை ஒத்துக்கொண்டார் என்று புளுகி வேலைக்கு அனுப்பிவிட்டு, துரையிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டவர். யார் பொய் பெரிய பொய் என்று செத்த பிறகும் இரண்டும் அடித்துக்கொண்டன. ஆடி அமாவாசைக்கு முனியாண்டி கோயிலில் அவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது தோட்டத்து வழக்கம். செத்த கங்காணி பசித்திருந்தால் இருக்கிற கங்காணியைப் பிடித்துக்கொள்வானாம். சோறு போட்டும் என்ன கண்டார் பக்கிரிசாமி!

துரை ஓடிப்போனார், ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட இருபது ஆள் வேண்டும், குறைந்தால் கங்காணியே லாரியில் ஏற வேண்டும் என்றான். முன்னே போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்று பக்கிரிசாமி பட்டணத்துக் கடையில் காதாரக் கேட்டிருந்தார். அன்று உச்சி வெயிலில் அவரே பெஞ்சைத் தேடிப் போனார்.

"மூணு மாசம்னு சொல்லு. அரிசி, சட்டை எல்லாம் உண்டுன்னு சொல்லு," என்றார் வீரசாமி.

"உங்க மாதிரி பொய் சொல்ல எனக்கு வராது."

இரண்டு பேய்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"நானும் அப்படித்தான் தம்பி ஆரம்பிச்சேன்," என்றார் மணியம். "ஊரு நம்பணும்னா முதல்ல சொந்தக்காரனை அனுப்பு. நான் கூடப் பொறந்தவனைத்தான் முதல்ல கப்பல் ஏத்துனேன். மத்தவங்க தானா வந்தாங்க."

மறுநாள் விடியலில் ஆட்கள் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கூடியபோது பக்கிரிசாமி வெற்றிலைத் தட்டோடு நின்றார். கங்காணி கையால் வெற்றிலை வாங்கினால் வாக்குக் கொடுத்தது போல. மூன்று மாதம், அரிசி, சட்டை என்று அவர் சொல்லிப் பார்த்தும் எவனும் அசையவில்லை. கடைசியில் அவர் மனைவி குணவதியின் தம்பி பிச்சை முன்னால் வந்தான். மரவள்ளிக் கிழங்கு தின்று தின்று வற்றிப்போன பயல்.

"நெசமா மூணு மாசந்தானா மாமா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அந்த மனுசன். அவர் கண்முன் லாரிதான் நின்றது.

"மூணு மாசந்தாண்டா. உங்கிட்டப் பொய் சொல்லுவனா?"

"நீங்க சொன்னா சரி மாமா." பிச்சை இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தட்டு காலியாயிற்று.

அடுத்த ஆடியும் வந்துவிட்டது. பிச்சை வரவில்லை. ஒருவனும் வரவில்லை. பக்கிரிசாமி எதிரே வந்தால் கூலிக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குணவதி சோறு போட்டாள், பேச்சில்லை. அன்று வெற்றிலைத் தட்டை வீசியெறிந்துவிட்டு நாமே லாரியில் ஏறியிருக்கக் கூடாதா என்று மனசு அவரை அரித்தது. பேய்களிடமாவது சொல்லி அழலாம் என்று உச்சி வெயிலில் போய்க் காத்துக் கிடந்தார். பெஞ்சு வெறுமையாக இருந்தது. அவருக்குச் சொல்லித்தர இனி அவர்களிடம் என்ன இருக்கிறது?

அமாவாசையன்று முனியாண்டி கோயிலில் குணவதி படையல் வைத்தாள். மணியத்துக்கு ஓர் இலை, வீரசாமிக்கு ஓர் இலை. பக்கத்தில் இன்னோர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். பக்கிரிசாமி கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"பிச்சைக்கா, குணவதி?"

ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"என் தம்பி வருவான். அவனுக்கு எதுக்கு இலை போடணும்?" மூன்றாவது இலையில் சோற்றை வைத்து, ஓரத்தில் வெற்றிலையையும் வைத்தாள். "இது செத்த கங்காணிங்களுக்குப் போடுற இலை. உங்களுக்குத்தான்."